மின்சாரம் ஓடும் 20 நிமிடமும் கை சும்மா இருக்கக் கூடாது

பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். தலைமேல் மின்முனை வைத்து மூளைக்கு மெல்லிய மின்சாரம் செலுத்தும் டிடிசிஎஸ் (tDCS) கருவியைப் புதிதாகக் கையில் எடுக்கும் தெரபிஸ்டுகளிடம் முதலில் சொல்வது இதுதான்: கருவி கையை அசைக்காது. 2 மில்லி ஆம்பியருக்கு நரம்பணுவை நேரடியாக இயக்கும் பலம் கிடையாது. அதைக் கொஞ்சம் விழிப்பாக வைக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் நோயாளி எதைச் செய்து பழகுகிறாரோ, அதைத்தான் மூளை கற்கும்.

வலிப்பு வந்தவரா, தலைக்குள் உலோகம் இருக்கிறதா, பேஸ்மேக்கர் உண்டா, மண்டையோட்டில் எலும்பு எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒன்றுக்கு 'ஆமாம்' வந்தாலும் நரம்பியல் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள்.

பிறகு அளவு டேப். மூக்கின் வேர்ப்பள்ளத்திலிருந்து பிடரி மேடு வரை, ஒரு காதின் முன்பக்கத்திலிருந்து மறு காது வரை அளந்து, இரண்டின் பாதியும் சந்திக்கும் உச்சியைக் குறியுங்கள். அங்கிருந்து காதை நோக்கி, காதுக்குக் காது அளவில் 20 சதவீதம் இறங்குங்கள். 35 செ.மீ. என்றால் 7 செ.மீ. கையை ஆளும் பகுதி ஏறக்குறைய அங்கேதான். வலது கை விழுந்திருந்தால் ஆனோடு (நேர்மின்முனை) இடப்பக்கம், கேத்தோடு (எதிர்மின்முனை) வலது புருவத்துக்கு மேல்.

மின்முனைக்கும் தோலுக்கும் நடுவே வைக்கும் ஈரப் பஞ்சில் அவசரம் வேண்டாம். உப்புநீர் சொட்டினால் மின்சாரம் பரவிவிடும்; காய்ந்திருந்தால் தோல் புண்ணாகும். முடியை விலக்கி, பஞ்சு முழுவதும் தோலில் படியவிடுங்கள். மின்னோட்டத்தை மெல்ல ஏற்றுங்கள். குறுகுறுப்பும் அரிப்பும் சகஜம். 'எரியுது' என்றால் உடனே நிறுத்துங்கள்.

இனிதான் வேலையே. மேசையில் ஒரு கோப்பை. எட்டிப் பிடித்து, தூக்கி, வேறிடத்தில் வைக்க வேண்டும். சுலபமாகிவிட்டால் தள்ளி வையுங்கள், உயரம் கூட்டுங்கள், தண்ணீர் ஊற்றுங்கள். தோளைத் தூக்கியோ உடம்பைச் சாய்த்தோ எடுத்தால் கணக்கில் சேர்க்காதீர்கள். கோப்பையை அருகே கொண்டுவந்து மறுபடி செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் திருத்தாதீர்கள். 'எங்கே தவறிச்சு?' என்று அவரையே கேளுங்கள். தானே கண்டுபிடித்த தவறு மனதில் நிற்கும்.

குடும்பத்தாரிடம் உறுதிமொழி கொடுக்க வேண்டாம். 2018-ல் வெளியான, மின்சாரத்துக்குப் பதில் காந்தத்தால் மூளையைத் தூண்டிய ஆய்வு ஒன்றில் உண்மைத் தூண்டல் பெற்றவர்களும் போலித் தூண்டல் பெற்றவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு தேறினார்கள். இரு தரப்புக்கும் கைப்பயிற்சி கிடைத்திருந்தது. ஆகவே கருவி பழுதான நாளிலும் கோப்பையை எடுத்து வையுங்கள். தாங்களே கருவி வாங்கி வீட்டில் மாட்டலாமா என்று கேட்டால், கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள்.