முதல் ஃப்ரெட்லெஸ் பேஸ், அதுல டபுள் பேஸ் சவுண்டு
முதல் தடவை ஃப்ரெட்லெஸ், அதாவது கழுத்துல ஃப்ரெட்டுங்கற உலோகப் பட்டி இல்லாத பேஸ் கிட்டார் வாங்கறவங்க, அந்த ஃப்ரெட் வர்ற இடத்துல கோடு போட்ட ஃபிங்கர்போர்டே (விரல் அமுத்தற பலகை) எடுங்க, கோடு இல்லாததுதான் கெத்துன்னு சொல்றவங்க சொல்லிட்டுப் போகட்டும். ஆனா ஃப்ரெட் இருக்கற பேஸ்ல ஃப்ரெட்டுக்குக் கொஞ்சம் பின்னாடி அமுத்துவோம்ல, இதுல கோட்டு மேலயே விரல் நிக்கணும், இல்லன்னா சுருதி இறங்கிடும்.

டபுள் பேஸ் (நிக்க வச்சு வாசிக்கற பெரிய வயலின் மாதிரி வாத்தியம்) மாதிரி கும்முனு கேக்கணும்னா ஃப்ளாட்வவுண்ட் ஸ்ட்ரிங் (தட்டைக் கம்பி சுத்தின வழவழப்பான தந்தி) மாட்டுங்க, ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுத்தின சொரசொரப்பான தந்தி) ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டை அரிச்சிடும் வேற. கழுத்துப் பக்கம் இருக்கற நெக் பிக்கப்ப (கம்பி அதிர்வை சிக்னலா மாத்தற காந்தம்) மட்டும் வச்சு, டோன் நாப்ப நல்லா குறைச்சு, ஃபிங்கர்போர்டு முடியற இடத்துல ஆள்காட்டி விரலோட பக்கவாட்டு சதையால இழுங்க. பிரிட்ஜ்கிட்ட, அதாவது உடம்புப் பக்கம் கம்பி முடியற இடத்துல, கம்பிக்கு அடியில சின்ன ஸ்பாஞ்ச் துண்டு சொருகினா நோட்டு சீக்கிரம் அடங்கும், பாதி மேஜிக் அதுலதான். ஃப்ரெட்லெஸ் வாசிச்சுப் பேர் வாங்கின ஜாக்கோ பஸ்டோரியஸ் சவுண்டுதான் வேணும்னா எல்லாம் தலைகீழ், ரவுண்ட்வவுண்ட், பிரிட்ஜ் பிக்கப்.