சர்வீஸ் ரைஃபிள் போட்டி: முதல் முறை சுடுபவருக்கு ஒரு செய்முறை விளக்கம்

முதல் போட்டிக்குப் போன அன்று, ஒரு தோட்டாகூடச் சுடும் முன்பே என்னைக் குழிக்குள் இறக்கிவிட்டார்கள். இலக்குகளுக்கு அடியில், கான்கிரீட் சுவருக்குப் பின்னால் இருக்கும் நீண்ட பள்ளம் அது. தலைக்கு மேல் தோட்டா கடக்கும்போது சாட்டையைச் சொடுக்கியது போல ஒரு வெடிப்பு கேட்கும். துப்பாக்கியின் ஓசை அதற்குப் பிறகுதான் வந்து சேரும். உடனே இலக்குச் சட்டத்தைக் கையால் கீழே இழுக்க வேண்டும். புதிய துளையில் ஒரு வட்டத் தகட்டைச் செருகி, பழைய துளையை ஒட்டுத்தாளால் மூடி, மதிப்பெண் அடையாளத்தை மாட்டி, மறுபடி மேலே ஏற்ற வேண்டும். சுடுபவர்கள் அனைவரும் முறை வைத்துச் செய்யும் வேலை இது.

600 கஜத்தில் நான் இழுத்த இலக்கில் சுட்டவர் ஒரு முதியவர். அவருடைய தோட்டாக்களில் பெரும்பாலானவை ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குள் விழுந்தன. பிறகு அவரிடம் எப்படி என்று கேட்டேன். துப்பாக்கியைக் காட்டவில்லை, ஒரு நோட்டைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு சுடுதலுக்கும் அதில் இரண்டு புள்ளிகள் இருந்தன. தோட்டா எங்கே போயிருக்கும் என்று இலக்கு மேலே வருவதற்கு முன் அவர் நினைத்த இடம் ஒன்று. உண்மையில் போன இடம் மற்றொன்று. இந்த விளையாட்டில் நான் கற்றதெல்லாம் அந்த நோட்டிலிருந்து தொடங்குகிறது. அதனால் இந்த விளக்கமும் அதை நோக்கியே போகும்.

இது என்ன போட்டி?

அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய வகைத் துப்பாக்கிகளை வைத்து, 200, 300, 600 கஜத் தொலைவுகளில் காகித இலக்கைச் சுடும் போட்டி. துப்பாக்கியைத் தாங்க மேசையோ மணல் மூட்டையோ கிடையாது. உடலும் ஒரு தோள்வாரும் மட்டும்தான். தேசியப் போட்டிகள் 1903-இல் நியூ ஜெர்சியின் சீ கர்ட் என்ற இடத்தில் தொடங்கின. 1907-இல் ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் உள்ள கேம்ப் பெரிக்கு வந்தன. இன்று அவற்றை நடத்துவது சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு. எல்லோரும் சிஎம்பி என்றே சொல்வார்கள்.

முதல் படி: சட்டம்

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. 'வைத்திருப்பது' என்பதில் நண்பரின் துப்பாக்கியைச் சுடுதளத்தில் கையில் வாங்கிச் சுடுவதும் அடங்கக்கூடும். உங்கள் குடியேற்ற நிலையே இதில் பணயம் என்பதால், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். நிரந்தரக் குடியிருப்பு அட்டை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும்.

இரண்டாம் படி: எதையும் வாங்காமல் போய்ப் பாருங்கள்

அருகில் உள்ள சுடுதளத்தில் போட்டி நடக்கும் நாளில் போய், புதியவன் என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். குழியில் வேலை செய்ய வருகிறேன் என்றால் இன்னும் நல்லது. அடுத்த முறை யாராவது ஒருவர் தம் துப்பாக்கியையும் தோள்வாரையும் இரவல் தரும் அளவுக்கு இந்தக் கூட்டத்தில் தாராள மனம் உண்டு.

கேம்ப் பெரியில் கோடைகாலத் தேசியப் போட்டிகளின்போது ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபயரிங் ஸ்கூல் என்ற தொடக்கநிலைப் பயிற்சி நடக்கும். அங்கு துப்பாக்கியும் தோட்டாவும் அவர்களே தருவார்கள். வகுப்பறைப் பாடத்துக்குப் பிறகு சுடுதளத்தில் பயிற்சி. முடிவில் ஒரு போட்டி.

இன்னொரு வாசல், காரண்ட் போட்டி. இரண்டாம் உலகப் போரின் எம்1 காரண்ட் துப்பாக்கியை அதன் பழைய வடிவிலேயே வைத்துச் சுடுவது. எல்லாமே 200 கஜத்தில், மதிப்பெண்ணுக்கு 30 தோட்டாக்கள். ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். அவசரமில்லாமல் பழக விரும்புபவருக்கு இதையே நான் முதலில் சொல்வேன்.

மூன்றாம் படி: தளத்தின் ஒழுங்கு

துப்பாக்கியின் வாய் எப்போதும் இலக்குப் பக்கமே இருக்க வேண்டும். சுடும் எண்ணம் வரும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது. சுடாத நேரமெல்லாம் தோட்டாவறை திறந்திருக்க வேண்டும். அதில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கொடி செருகியிருக்க வேண்டும். குழிக்கோ இலக்கின் பக்கமோ ஆட்கள் போயிருக்கும்போது துப்பாக்கியைத் தொடவே கூடாது. 'சுடுவதை நிறுத்து' என்று யார் கத்தினாலும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். நீங்களே ஆபத்தைப் பார்த்தால் நீங்களே கத்தலாம். காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு கட்டாயம்.

நான்காம் படி: போட்டியின் அமைப்பு

அடிப்படை வடிவம் 50 தோட்டாக்கள், 500 மதிப்பெண். முதலில் 200 கஜத்தில் நின்றபடி 10 தோட்டா, 10 நிமிடம். அடுத்து அதே தொலைவில் உட்கார்ந்தபடி 10 தோட்டா, 60 நொடி. பிறகு 300 கஜத்துக்குப் பின்வாங்கி, குப்புறப் படுத்து 10 தோட்டா, 70 நொடி. கடைசியாக 600 கஜத்தில் படுத்தபடி 20 தோட்டா, 20 நிமிடம். நான்கு கட்டத்திலும் 20 தோட்டா சுடும் 800 மதிப்பெண் போட்டியும் பரவலாக நடக்கிறது.

200 கஜ இலக்கில் கறுப்பு வட்டம் 13 அங்குலம். அதனுள் பத்து மதிப்பெண் வளையம் 7 அங்குலம். 600 கஜ இலக்கில் கறுப்பு 36 அங்குலம், பத்து வளையம் 12 அங்குலம். நடுவில் எக்ஸ் என்று இன்னும் சிறிய வளையம் உண்டு. அதற்கும் பத்துதான், சமநிலை வரும்போது எக்ஸ் அதிகம் எடுத்தவர் முன்னே நிற்பார்.

ஐந்தாம் படி: கருவிகள்

இன்று பெரும்பாலோர் கையில் இருப்பது ஏஆர்-15 வகை. 20 அங்குலக் குழல். விசையின் எடை குறைந்தது நாலரை பவுண்டு. 2016 முதல் 4.5 மடங்கு வரை பெரிதாக்கும் பார்வைக்கருவியை விதி அனுமதிக்கிறது. தோட்டா .223 அளவு. 200, 300 கஜங்களுக்கு 77 கிரெய்ன் (சுமார் 5 கிராம்) எடையுள்ள முனை பொருத்தமானது. 600-க்குப் பலர் 80 கிரெய்ன் வைப்பார்கள். அது துப்பாக்கியில் மாட்டும் தோட்டாப் பெட்டிக்குள் அடங்காத நீளம் என்பதால் ஒவ்வொன்றாகக் கையால் இட வேண்டும். தொடக்கத்தில் எல்லாத் தொலைவுக்கும் 77 கிரெய்னே போதும்.

பணம் இருந்தால் அதை முதலில் நல்ல குழலுக்கும் தோட்டாவுக்கும் கொடுங்கள். அடுத்தது தோள்வார், அதன் பிறகுதான் தடித்த சுடும் மேலங்கி, கையுறை, விரிப்பு, தொலைநோக்கி. இவற்றை இரவல் வாங்கிப் பல போட்டிகளை ஓட்டிவிடலாம்.

ஆறாம் படி: வீட்டில் வெற்றுப் பயிற்சி

மதிப்பெண் உயர்வது இங்கேதான். தோட்டா இல்லாத துப்பாக்கியை மூன்று முறை சோதியுங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். குறி வைக்கும் சுவருக்கு அப்பால் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. 15 அடி தொலைவில், மூன்றில் ஒரு அங்குல அகலத்தில், ஒரு கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளியைச் சுவரில் ஒட்டுங்கள். 200 கஜத்தில் கறுப்பு வட்டம் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அதே அளவு அது தெரியும்.

நிற்கும் நிலைதான் எல்லோருக்கும் கடினம். தோள்வாரின் உதவியும் இதில் கிடையாது. இடது கையின் மேற்பகுதி விலாவோடு சாய்ந்திருக்க வேண்டும். துப்பாக்கியின் பாரத்தைத் தசை தூக்கக் கூடாது, எலும்பு வழியாக இடுப்புக்கும் காலுக்கும் இறங்க வேண்டும். நிலைக்கு வந்ததும் கண்களை மூடி இரண்டு மூச்சு விடுங்கள். பிறகு திறந்து பாருங்கள். குறி புள்ளிக்கு வலப்பக்கம் போயிருந்தால் கையால் இழுத்துத் திருத்தாதீர்கள், பாதத்தை நகர்த்துங்கள். கையால் இழுத்து வைத்த துப்பாக்கி, விசை விடுபடும் நொடியில் தன் பழைய இடத்துக்கே திரும்பும். உட்காரும்போதும் படுக்கும்போதும் இதே சோதனைதான். அங்கே நகர வேண்டியது இடுப்பும் முழங்கையும்.

குறி ஒரு நாளும் அசையாமல் நிற்காது. புள்ளியைச் சுற்றி அது மெல்ல ஊசலாடிக்கொண்டே இருக்கும். அதை ஏற்றுக்கொண்டு, மூச்சை விட்ட பின் வரும் இடைவெளியில், அந்த ஊசலாட்டம் சிறுத்திருக்கும்போது விசையை நேராகப் பின்னோக்கி அழுத்துங்கள். 'இதோ பத்து வந்துவிட்டது' என்று வெடுக்கென்று இழுத்தால் அது ஏழில் விழும். பத்து நொடிக்கு மேல் ஆகிவிட்டால் துப்பாக்கியை இறக்கிவிடுங்கள். 10 நிமிடம் தாராளமான நேரம்.

விசை விடுபட்ட பிறகும் பார்வையை எடுக்காதீர்கள். அந்த நொடியில் குறி எங்கே இருந்தது? இலக்கைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டு, '4 மணிப் பக்கம், ஒன்பது வளையம்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தினம் 15 நிமிடம் இதைச் செய்யுங்கள். எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று, என் கண்ணை நான் நம்புவதற்கு.

ஏழாம் படி: நோட்டு

சுடுதளத்தில் அந்த முதியவர் செய்ததைச் செய்யுங்கள். சுட்டதும், இலக்கு கீழே போய் மேலே வருவதற்குள், நீங்கள் நினைக்கும் இடத்தில் ஒரு புள்ளி. இலக்கு வந்ததும் உண்மையான இடத்தில் மற்றொன்று. இரண்டும் ஒன்றாகவே விழுந்து, ஆனால் மையத்தைவிட்டு விலகியிருந்தால் பிழை உங்களிடம், பார்வைக்கருவியைத் தொடாதீர்கள். நடுவில் என்று சொன்ன தோட்டாக்களெல்லாம் தொடர்ந்து இடப்பக்கம் விழுந்தால் பிழை கருவியின் அமைப்பிலோ காற்றிலோ இருக்கிறது, அதைத் திருத்துங்கள். இதைப் பிரித்து அறியாதவர் ஒவ்வொரு கெட்ட தோட்டாவுக்கும் கருவியைத் திருகி, நல்ல தோட்டாவையும் கெடுத்துக்கொள்வார். என் முதல் ஆண்டு முழுவதும் அப்படித்தான் போயிற்று, ஏனென்றால் நினைத்ததை நேர்மையாக எழுதாமல், இலக்கைப் பார்த்த பிறகு புள்ளி வைத்தேன்.

தொலைவு மாறும்போது பார்வைக்கருவியில் வைக்கும் அளவும் நோட்டில் இருக்க வேண்டும். அதை மினிட் என்ற கோண அளவில் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) குறிப்பார்கள். ஒரு மினிட் என்பது 100 கஜத்தில் சுமார் ஓர் அங்குலம், 600-இல் சுமார் 6 அங்குலம். 77 கிரெய்ன் தோட்டாவுக்கு 200-லிருந்து 300-க்குப் போகச் சுமார் 3 மினிட் உயர்த்த வேண்டியிருக்கும். அங்கிருந்து 600-க்கு மேலும் 10-ஐ ஒட்டி. உங்கள் துப்பாக்கிக்கான சரியான எண்ணைச் சுட்டுத்தான் அறிய முடியும்.

எட்டாம் படி: வேகக் கட்டங்கள்

60 நொடியில் பத்து என்றதும் பதற்றம் வரும். முதல் பெட்டியில் 2, அடுத்ததில் 8 தோட்டா. பெட்டியை மாற்றிய பிறகும், தாளம் பிடித்துவிட்டால் மூச்சுக்கு ஒன்றாகச் சுட நேரம் இருக்கிறது. பெட்டி மாற்றுவதை வீட்டில் நூறு முறை பழகுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் உங்கள் இலக்கின் எண்ணை வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்து இலக்கில் விழும் அழகான பத்து உங்கள் கணக்கில் சுழியம்.

ஒன்பதாம் படி: 600 கஜமும் காற்றும்

பக்கவாட்டில் மணிக்கு 10 மைல் காற்று அடித்தால், 80 கிரெய்ன் தோட்டா அங்கே போய்ச் சேர்வதற்குள் சுமார் 30 அங்குலம் தள்ளப்படும். அப்படியென்றால் வெறும் 2 மைல் மாற்றமே தோட்டாவை மையத்திலிருந்து பத்து வளையத்தின் விளிம்புக்குக் கொண்டுபோகப் போதும். கன்னத்தில் அந்த மாற்றம் தெரியாது. தொலைநோக்கியை இலக்குக்குச் சற்று முன்னால் குவித்துப் பாருங்கள்; தார்ச்சாலையில் தெரியும் கானல் போன்ற அலை ஓடும். நேராக மேலே கொதித்தால் காற்று இல்லை, அல்லது திசை மாறப்போகிறது. அப்போது சுடாமல் காத்திருங்கள். சாய்ந்து ஓடினால் எந்தப் பக்கம், எவ்வளவு விரைவு என்று பாருங்கள். கடிகார முகத்தின் நடுவில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொண்டால், 3 மணி, 9 மணித் திசைக் காற்றுக்கு முழுக் கணக்கு. 1, 5, 7, 11 மணித் திசைக் காற்றுக்குப் பாதி.

இங்கேதான் நோட்டு முழுமையாகக் கைகொடுக்கிறது. நடுவில் என்று உறுதியாகச் சொன்ன தோட்டா வலப்பக்கம் 8 அங்குலம் போயிருந்தால், நீங்கள் காணாத காற்று ஒன்று அங்கே இருந்திருக்கிறது என்று பொருள். தன் சுடுதலை நம்பாதவருக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது.

அதற்கு மேல் போக விரும்புபவர்களுக்கு டிஸ்டிங்விஷ்ட் ரைஃபிள்மேன் பதக்கம் இருக்கிறது. 1884-இல் ஏற்படுத்தப்பட்டது, குறிப்பிட்ட போட்டிகளில், இன்னும் அப்பதக்கம் பெறாதவர்களுள் முதல் பத்து விழுக்காட்டுக்குள் வந்து, 30 புள்ளி சேர்க்க வேண்டும். பலருக்குப் பல ஆண்டுகள் ஆகும். இப்போதைக்கு ஒரு நோட்டும் பென்சிலும் வாங்குங்கள். கேம்ப் பெரிக்குப் போவதானால் பென்சில்தான் வேண்டும். ஏரியிலிருந்து மழை சொல்லாமல் வரும், பேனாவின் மை கரைந்துவிடும்.