முகாமிலிருந்து டிரெயில் வரை: கலிஃபோர்னியாவில் ஓ.எச்.வி. வண்டியைச் சட்டப்படி கொண்டு செல்லும் முறை

டர்ட் பைக், நான்கு சக்கர ஏடிவி, இருவர் அருகருகே அமர்ந்து செல்லும் சைடு பை சைடு போன்ற, பொதுச் சாலைக்கு வெளியே ஓட்டுவதற்கான ஓ.எச்.வி. வண்டிகளைக் கலிஃபோர்னியாவில் புதிதாக வாங்கியவர்கள் தலைக்கவசம் முதல் கூடாரம் வரை எல்லாவற்றையும் விசாரித்து வாங்குகிறார்கள். ஆனால் கூடாரத்துக்கும், இந்த வண்டிகள் ஓடும் கரட்டுப் பாதையான டிரெயில் தொடங்கும் இடத்துக்கும் நடுவே கிடக்கும் அரை மைல் சாலையைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. 'கூப்பிடு தூரம்தானே' என்று வண்டியைக் கிளப்பி, அந்த அரை மைலிலேயே அபராதச் சீட்டு வாங்க நேரலாம். ஆகவே முகாமை முன்பதிவு செய்வதற்கு முன்பே இந்த அரை மைலுக்கு விடை கண்டுவிட வேண்டும்.

படி 1: வண்டியின் பதிவைச் சரிபாருங்கள்

மாநில வாகனத் துறையான டி.எம்.வி. ஓ.எச்.வி. வண்டிகளுக்குக் கிரீன் ஸ்டிக்கர் வழங்குகிறது. அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டி வாங்குபவர்கள் அதில் ஒட்டியிருப்பது கிரீன் ஸ்டிக்கரா, ரெட் ஸ்டிக்கரா என்றும் பார்க்க வேண்டும். ரெட் ஸ்டிக்கர் என்பது மாசு விதிகளை நிறைவு செய்யாத, 2003 முதல் 2021 வரையிலான மாடல் வண்டிகளுக்குத் தரப்பட்டது.

இந்த ஸ்டிக்கர் பொதுச் சாலையில் ஓட்டுவதற்கான உரிமம் ஆகாது. யூட்டா, அரிசோனா மாநிலங்களில் சைடு பை சைடு வண்டிகள் நம்பர் பிளேட்டோடு ஊருக்குள் ஓடுவதைக் காணொளிகளில் பார்த்துவிட்டு, கண்ணாடியும் இண்டிகேட்டரும் பொருத்திவிட்டால் இங்கும் அப்படியே ஓட்டலாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த மாற்றத்துக்குக் கலிஃபோர்னியா இடம் தருவதில்லை. தொழிற்சாலையிலிருந்தே சாலைக்கும் டிரெயிலுக்கும் சேர்த்துத் தயாராகி, நம்பர் பிளேட் பெற்ற டூயல் ஸ்போர்ட் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவருக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை.

படி 2: இடையிலுள்ள சாலை எந்த வகை என்று கண்டறியுங்கள்

இந்த விளக்கத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். மண் சாலையென்றால் ஓட்டலாம், தார்ச் சாலையென்றால் கூடாது என்பது பரவலான தவறான கணக்கு. வாகனச் சட்டத்தின் பார்வையில், பொதுப் பணத்தில் பராமரிக்கப்பட்டுப் பொதுமக்களின் வாகனப் போக்குவரத்துக்குத் திறந்திருக்கும் வழி நெடுஞ்சாலையே. அதன் மேல் தார் இருக்கிறதா, சரளை இருக்கிறதா என்பது பொருட்டில்லை. அதே சட்டத்தின் 38001ஆம் பிரிவு, ஓ.எச்.வி. வண்டிகளைப் பொறுத்தவரை, தீயணைப்புப் பாதைகள், மரம் வெட்டக் கொண்டு செல்லும் பாதைகள், கரடுமுரடாகச் சமன் செய்யப்பட்ட வழிகள் ஆகியவற்றை நெடுஞ்சாலைக் கணக்கிலிருந்து விலக்குகிறது. எனவே முகாமுக்கு நீங்கள் வந்து சேர்ந்த, நன்றாகச் சமன் செய்யப்பட்ட சரளைச் சாலையில் கிரீன் ஸ்டிக்கர் வண்டிக்கு அனுமதி இல்லாதிருக்கலாம்; அதிலிருந்து பிரியும் குண்டும் குழியுமான கிளைப் பாதையில் அனுமதி இருக்கலாம். கண்ணால் பார்த்து இதை முடிவு செய்ய முயல வேண்டாம்.

தேசிய வனப் பகுதிகளில் இதற்கு விடை சொல்லும் ஆவணம் எம்.வி.யு.எம். எனப்படும் மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடம். 2005இல் வந்த பயண மேலாண்மை விதியின்படி அமெரிக்க வனத்துறை இதை வெளியிட்டு, இலவசமாகத் தருகிறது. கைப்பேசியில் தரவிறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் உதவும். அழகில்லாத வரைபடம்தான், ஆற்றையும் மலையையும் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் சாலையில் பலகை இல்லையென்றாலும் இந்த வரைபடம் சொல்வதே செல்லும் என்பதால், அதைப் பார்த்துக்கொள்வது ஓட்டுபவரின் பொறுப்பு.

வரைபடத்தின் குறிப்பு விளக்கத்தில் 'நெடுஞ்சாலைத் தகுதி பெற்ற வாகனங்களுக்கு மட்டும்', 'எல்லா வாகனங்களுக்கும்' என்ற இரண்டு சாலை வகைகளை முதலில் பிரித்தறியுங்கள். முகாமிலிருந்து டிரெயில் வரை விரலால் தடம் பிடித்துச் செல்லுங்கள்; நடுவில் ஒரு துண்டு முதல் வகையில் விழுந்தாலும் கிரீன் ஸ்டிக்கர் வண்டிக்கு அந்த வழி அடைபட்டது என்று பொருள். அடுத்து டிரெயிலின் அகல வரம்பைப் பாருங்கள். 50 அங்குலத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டுமான டிரெயில்கள் நிறைய உண்டு; இன்றைய சைடு பை சைடு வண்டிகளில் பல அதைவிட அகலமானவை. சில வழிகள் ஆண்டின் குறிப்பிட்ட மாதங்களில் மட்டுமே திறந்திருக்கும் என்பதால் தேதி அட்டவணையையும் பார்த்துவிடுங்கள்.

படி 3: முகாமைத் தேர்ந்தெடுங்கள்

முதல் பயணத்துக்கு மாநில அரசின் ஓ.எச்.வி. பூங்காக்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே என் பரிந்துரை. கோர்மனுக்கு அருகிலுள்ள ஹங்ரி வேலி, ஹாலிஸ்டர் ஹில்ஸ், தெற்கே பாலைவனத்திலுள்ள ஓகோட்டியோ வெல்ஸ் ஆகியவற்றில் முகாமும் டிரெயிலும் ஒரே வளாகத்துக்குள் இருப்பதால், இரண்டாம் படியின் தலைவலி பெருமளவு குறைந்துவிடும். முகாமிலிருந்தும் ஆட்கள் கூடியிருக்கும் இடத்திலிருந்தும் 50 அடிக்குள் மணிக்கு 15 மைலைத் தாண்டக் கூடாது. வனத்துறை முகாம்களில் உள்ளே வரவும் வெளியே போகவும் மட்டுமே வண்டி ஓட்டலாம். குழந்தைகளை வைத்து முகாமைச் சுற்றி வலம் வருவது விதிமீறல்.

படி 4: இடைவெளியைக் கடக்கும் வழியை முடிவு செய்யுங்கள்

நடுவில் நெடுஞ்சாலை இருந்தே தீருமென்றால், வண்டியைப் பிக்கப் டிரக்கிலோ டிரெய்லரிலோ ஏற்றி டிரெயில் தொடங்கும் இடத்தில் இறக்குவது எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாத வழி. அரை மைலுக்காக ஏற்றி இறக்குவது சலிப்பூட்டும்தான். அங்கே டிரெய்லரோடு நிறுத்த இடம் உண்டா என்று முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். இழுவையோடு போகும் எந்த வாகனமும் மாநிலச் சாலைகளில் மணிக்கு 55 மைலைத் தாண்டக் கூடாது.

சாலையைக் குறுக்கே கடந்தால் போதும் என்ற நிலை இருந்தால், இருவழிச் சாலையில் அது முடியும். முழுவதுமாக நிறுத்தி, வரும் வாகனங்களுக்கு வழி விட்டு, பாதுகாப்பாக விரைந்து கடக்கக்கூடிய இடத்தில் ஏறத்தாழ செங்குத்தாகக் கடக்க வேண்டும். சாலையோடு பத்தடி ஓட்டிப் போய் எதிர்ப்புற டிரெயிலில் நுழைவது இதில் சேராது.

மூன்றாவது, கூட்டுப் பயன்பாட்டுச் சாலை. டிரெயில்களையோ, தங்கும் இடத்தையும் ஓ.எச்.வி. பகுதியையுமோ இணைக்க, 3 மைல் வரையிலான சாலைத் துண்டுகளை உள்ளாட்சி அமைப்புகள் இதற்கென அறிவிக்க 38026ஆம் பிரிவு வழி செய்கிறது. அறிவிக்கப்பட்ட துண்டில் ஓட்ட முறையான ஓட்டுநர் உரிமம், காப்பீடு, எரியும் பிரேக் விளக்கு, ரப்பர் டயர் ஆகியவை வேண்டும். உரிமம் இல்லாத பதின்வயதுப் பிள்ளை டிரெயிலில் எவ்வளவு திறமையாக ஓட்டினாலும் இந்தத் துண்டில் ஓட்ட முடியாது.

படி 5: வண்டியையும் ஆட்களையும் சரிபாருங்கள்

வனத்துறை அங்கீகரித்த தீப்பொறித் தடுப்பான் புகைக்குழாயில் இருக்க வேண்டும்; காய்ந்த புல் நிறைந்த மாநிலத்தில் இதை யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. 1986 முதல் தயாரான வண்டிகளின் சத்தம் 96 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். ஏடிவி ஓட்டுபவருக்குத் தலைக்கவசம் கட்டாயம். சைடு பை சைடில் அமரும் எல்லோருக்கும் சீட் பெல்ட்டும் சேர்த்துக் கட்டாயம். 18 வயதுக்கு உட்பட்டவர்கள் ஏடிவி ஓட்டுவதற்குப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழோ, அச்சான்றிதழ் உள்ள பெரியவரின் நேரடி மேற்பார்வையோ தேவை.

படி 6: திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

கூட்டுப் பயன்பாட்டுச் சாலையில் இருட்டிய பின் ஓ.எச்.வி. ஓட்டக் கூடாது, சூரியன் மறைந்து அரை மணி நேரம் ஆனதும் சட்டப்படி இருள் நேரம் தொடங்கிவிடுகிறது. காலையில் எளிதாகக் கடந்த அதே துண்டு மாலையில் மூடிக்கொள்ளும் என்பதால், அன்றைய மறைவு நேரத்தைப் பார்த்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது டிரெயிலிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். தாமதமாகிவிட்டால், வண்டியை டிரெயில் முனையிலேயே நிறுத்திவிட்டு, முகாமிலிருக்கும் ஒருவரை டிரக்கோடு வரச் சொல்லுங்கள். அதற்காக ஒருவரிடம் சாவியைக் காலையிலேயே கொடுத்துவைப்பது நல்லது.