ஏஜி4 மெஷினும் கழற்றிப் போட்ட கார்டும்

ஏதாவது ஒரு வெல்டிங் பட்டறை வாசலில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். அங்கே ஓடும் ஆங்கிள் கிரைண்டரில், அதாவது வீல் சுற்றி இரும்பை அறுக்கும், தேய்க்கும் கை மெஷினில், வீலை மூடும் கார்டு பெரும்பாலும் இருக்காது, பக்கவாட்டுக் கைப்பிடியும் இருக்காது. கேட்டால், "இடைஞ்சல் சார், அதான் கழட்டியாச்சு" என்பார்கள். வருடக்கணக்கில் அதைப் பிடிக்கிறவருக்குக் கை பழகியிருக்கலாம், அல்லது இதுவரை தப்பித்திருக்கலாம். அவரைப் பார்த்துவிட்டு மொட்டை மாடியில் பழைய ஜன்னல் கம்பியை அறுக்க உட்காருகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார். வீட்டில் டிரில், ஜிக்சா, சாண்டர் என்று எது இருந்தாலும், நான் அதிகம் பயப்படுவது ஏஜி4 என்று கடைகளில் கேட்டு வாங்கும் இந்த 4 இஞ்ச் மெஷினுக்குத்தான்.

கணக்கைப் பாருங்கள். அது நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடுகிறது. 100 மி.மீ. வீலின் விளிம்பு அப்போது மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் போகிறது. வீல் உடைந்தால் துண்டும் அதே வேகத்தில் கிளம்பும். கார்டை ஏதோ தீப்பொறி மறைக்கிற தகரம் என்று பலர் நினைக்கிறார்கள். உடைந்த துண்டு கழுத்துக்கும் வயிற்றுக்கும் வராமல் தடுப்பதுதான் அதன் முக்கிய வேலை. அதனால் கார்டு மாட்டியிருந்தால் மட்டும் போதாது, மூடிய பக்கம் உங்கள் பக்கம் வரும்படி திருப்பி இறுக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு மெஷினைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். அன்றைக்காவது பரணில் கிடக்கும் கார்டைத் தேடி எடுத்து மாட்டலாம்.

கார்டைக் கழற்றுவதற்கு இன்னொரு காரணம் பெரிய வீல் மாட்டும் ஆசை. 5 இஞ்ச் வீல் கார்டுக்குள் நுழையாது, உடனே கார்டு போய்விடும். அதைவிட மோசம், 7 இஞ்ச் மெஷினில் ஓடித் தேய்ந்த வீலை "இன்னும் பாதி இருக்கே" என்று சின்ன மெஷினில் போடுவது. 7 இஞ்ச் வீலை நிமிடத்துக்குச் சுமார் 8,500 சுற்று வரை ஓட்டுவதற்குத்தான் தயாரித்திருக்கிறார்கள். அதை 11,000-இல் சுற்ற விட்டால் என்ன ஆகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நடு ஓட்டையும் வேறு. 4 இஞ்ச் வீலுக்குப் பொதுவாக 16 மி.மீ., பெரிய வீல்களுக்கு 22 மி.மீ. சொச்சம். வாஷர் வைத்தோ டேப் சுற்றியோ சரிக்கட்டினால் வீல் மையம் தப்பி, கையே மரத்துப்போகும் அளவுக்கு அதிரும்.

வீலின் நடுவில் ஒரு தகர வளையம் இருக்கும். பல வீல்களில் அதிலேயே மாதமும் வருடமும் அச்சடித்திருப்பார்கள். அது காலாவதித் தேதி. மாத்திரை அட்டையில் தேதி பார்க்கிற நாம் இதைப் பார்ப்பதே இல்லை. இந்த வீல்கள் உராய்வுத் துகளைப் பிசினில் கலந்து, நடுவே வலை வைத்து அழுத்திச் செய்தவை. ஈரக்காற்றில் பிசின் பலம் இழக்கும், அதனால்தான் பொதுவாக மூன்று வருடம்தான் ஆயுள். மழைக்காலம் முழுக்கக் கார் ஷெட் மூலையில் கிடந்த வீல், கீழே விழுந்த வீல், ஓரம் சிதைந்த வீல் எல்லாம் குப்பைக்குத்தான் போக வேண்டும். ஒரு வீல் விலை டீக்காசு. புது வீல் மாட்டியதும் வெறுமனே அரை நிமிடமாவது ஓட விடுங்கள், வீலுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று. உடைகிற வீல் அப்போதே உடையட்டும்.

கட்டிங் வீலால் தேய்ப்பதும் பழகிப்போன தவறு. கட்டிங் வீல் 1 மி.மீ. முதல் 3 மி.மீ. வரை இருக்கும் மெல்லிய தட்டு. விளிம்பால் அறுக்கும், பக்கவாட்டில் அழுத்தினால் தாங்காது. வெல்டிங் பிசிறு தேய்க்க 6 மி.மீ. கிரைண்டிங் வீல் தனியாக இருக்கிறது. "ஒரு நிமிஷ வேலைதானே" என்று மாற்றாமல் விடுவதுதான் எல்லோரும் செய்வது.

இனி பல் வைத்த மர பிளேடு. இதை இந்த மெஷினில் போடவே போடாதீர்கள். போடுகிறவர்கள் நிறைய, கடைகளிலும் கேட்ட உடனே எடுத்துத் தருவார்கள். இரும்பு அறுக்கிற வீல் சிக்கினால் நிற்கலாம், உடையலாம். பல் சிக்கினால் மரத்தைக் கவ்விக்கொண்டு மெஷினையே தூக்கி எறியும். மரம் அறுக்கிற சர்க்குலர் சாவில் அடித்தட்டு உண்டு, அறுத்து முடித்ததும் தானே மூடிக்கொள்ளும் கார்டு உண்டு. இதில் இரண்டும் இல்லை. நாலு பலகை அறுக்க வேண்டுமென்றால் கை ரம்பம் போதும், இல்லையென்றால் ஜிக்சா வாங்குங்கள்.

வீலும் சிக்காது என்றில்லை. இரண்டு செங்கல்லின் மேல் பைப்பை வைத்து, நடுவில் அறுப்போம். பாதிக்கு மேல் அறுந்ததும் பைப் நடுவில் தொய்ந்து, வெட்டு வாய் மூடி வீலை இறுக்கிப் பிடிக்கும். மெஷின் எகிறுவது அப்போதுதான். அறுந்து விழும் பக்கத்தைத் தாங்கல் இல்லாமல் வெளியே நீட்டிவிட்டு, நிற்கும் பக்கத்தை மட்டும் வைஸிலோ சி கிளாம்பிலோ பிடித்துவிட்டால், அறுக்க அறுக்க வாய் விரியும். காலால் மிதித்துக்கொண்டு அறுப்பது நம் ஊர் கிளாம்ப். செருப்பு போட்ட கால் வீலுக்கு ஒரு சாண் தள்ளி இருக்கும், அவ்வளவுதான் இடைவெளி. எகிறும் மெஷினை ஒற்றைக் கையால் அடக்கவும் முடியாது, பக்கவாட்டுக் கைப்பிடி அதற்காகத்தான் இருக்கிறது.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். பிளக் உடைந்துவிட்டால் ஒயர் முனையைச் சீவி சாக்கெட்டில் செருகி, தீக்குச்சி வைத்து இறுக்குகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஒயரை ஒரு இழு இழுத்தால் உயிருள்ள முனை தரையில் கிடக்கும். மெயின் போர்டில் தானே விழும் சுவிட்சான எம்சிபி இருக்கிறதே என்று தைரியமாக இருக்க வேண்டாம். அது ஷார்ட்டுக்கும் ஓவர்லோடுக்கும் விழும், ஆளைக் காப்பாற்ற, கரண்ட் கசிந்தாலே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வேண்டும். புது மெஷின்கள் பலவற்றில் இரண்டு பின் பிளக்தான் வரும். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி மெஷின் மேல் இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் ஒயர் தேவையில்லை என்று அர்த்தம். ஆனால் அறுக்கும்போது மெஷினின் ஒயரையே அறுத்துக்கொண்டால் அந்தக் குறி உதவாது, ஆர்சிசிபிதான் உதவும்.

நம் ஊரில் கரண்ட் போய் வருவது சகஜம். ஸ்லைடு சுவிட்ச் மெஷினில் வேலை நடக்கும்போது கரண்ட் போனால், மெஷினை அப்படியே கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். சுவிட்ச் ஆனிலேயே இருக்கும். கரண்ட் வந்ததும் அது தரையில் தானாக ஓட ஆரம்பித்து, எங்கே போகும் என்று சொல்ல முடியாது. வீட்டில் குழந்தை இருந்தால் நினைத்துப் பாருங்கள். கரண்ட் போன அந்த நொடியே சுவிட்சை ஆஃப் செய்து பிளக்கையும் பிடுங்குவது பழக்கமாக வேண்டும். வாங்கும்போதே கையை எடுத்தால் நிற்கும் பேடில் சுவிட்ச் மாடலைக் கேட்டு வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. வீல் மாற்றும்போதும் பிளக் வெளியே இருக்க வேண்டும், சுவிட்சை நம்ப வேண்டாம்.

உடையைப் பற்றி ஒரு வரி போதும்: லுங்கி, தோளில் துண்டு, தொங்கும் துப்பட்டா, அவிழ்த்துவிட்ட முடி எதுவும் கூடாது. டிரில் பிடிக்கும்போது கையுறையும் கூடாது, பிட்டில் நூல் சிக்கினால் விரலோடு சுற்றிவிடும். சத்தத்துக்குக் காதில் பஞ்சு போதாது, இயர் பிளக் போடுங்கள். டைல்ஸ் அறுத்தால் தண்ணீர் விட்டு அறுக்கும் கட்டர்தான் சரி. அந்த வெள்ளைத் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும், கைக்குட்டை கட்டினால் நிற்காது. தீப்பொறி போகும் திசையில் தின்னர் டப்பா, மரத்தூள், காய்கிற துணி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடைசியாகக் கண். கூலிங் கிளாஸ் பாதுகாப்புக் கண்ணாடி ஆகாது, பக்கமும் மூடிய கண்ணாடி வேண்டும். தூள் விழுந்துவிட்டால் கசக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் கைக்குட்டை முனையைத் திரித்துக்கொண்டு "இப்படிக் காட்டு" என்று வருவார், விடாதீர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் ரத்தம் தெரிந்தாலோ பார்வை மங்கினாலோ கழுவவும் வேண்டாம், அழுத்தாமல் மூடிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உறுத்தல் குறைந்துவிட்டது என்று இரவு தூங்கிவிடாதீர்கள். கருவிழியில் ஒட்டிய இரும்புத் துகளைச் சுற்றிச் சில மணி நேரத்திலேயே துரு வளையம் பிடிக்க ஆரம்பிக்கும், அதைத் தனியாகச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். டாக்டரிடம் "தூசி விழுந்துவிட்டது" என்று சொல்லாமல், கிரைண்டர் ஓட்டும்போது இரும்பு தெறித்தது என்றே சொல்லுங்கள். துகள் கண்ணுக்குள் துளைத்துப் போயிருக்கிறதா என்று அவர் அப்போதுதான் தேடுவார்.