மலிவு கிரைண்டர் புகைந்தால் கடையில் என்ன பேசுவது?

இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் கேட், கிரில் அடிக்கிற வேலை என்னுடையது. கையில் இருக்கிற கிரைண்டர், ட்ரில் எல்லாம் மலிவுச் சாமான்தான். நல்ல பிராண்ட் வாங்கினால் இந்தத் தொல்லை வராது என்பார்கள். அட்வான்ஸ் வாங்கித்தான் இரும்பே எடுக்கிற ஆளுக்கு அந்தப் பேச்சு உதவாது. மலிவுச் சாமான் பழுதானாலும் திருத்தியோ, மாற்றியோ, காசாகவோ வாங்க வழி இருக்கிறது. ஆனால் அந்த வேலை வாங்குகிற அன்றைக்கே தொடங்க வேண்டும்.

கடையிலேயே பிளக்கில் போட்டு, டிஸ்க் இல்லாமல் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். காற்றுத் துளை வழியாகச் சின்னச் சின்னப் பொறி தெரிந்தால் பயமில்லை, மோட்டாருக்குள் உரசிக் கரண்ட் கொடுக்கிற கரித்துண்டு, அதாவது காபன் பிரஷ், புதிதில் அப்படித்தான். உள்ளே வளையமாக நெருப்பு சுற்றினாலோ, கியர் தலை கரகரவென்று அரைத்தாலோ வேறு பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். "இரும்பு வெட்டத்தான் வாங்குகிறேன்" என்று வாய் திறந்து சொல்லிவிடுங்கள். இன்ன வேலைக்கு என்று சொல்லி, கடைக்காரரின் பேச்சை நம்பி வாங்கினால், சாமான் அந்த வேலைக்கு உதவ வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது.

அப்புறம் பில். நம் ஊர் ஹார்ட்வெயார்களில் "கிரைண்டர் 1" என்று கிறுக்கித் தருவார்கள். அது போதாது. மொடல், சீரியல் நம்பர், திகதி, வொரன்டி எத்தனை மாதம், கடை சீல் எல்லாம் வேண்டும். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். மெஷினில் வருகிற பில் கொஞ்ச நாளில் வெளுத்துவிடும், அதனால் பஸ் ஏறும் முன்பே போனில் படம் எடுத்துவிடுங்கள். பார்சலில் வரவழைத்தால், பெட்டியைப் பிரிப்பதையும் முதல் தடவை ஓட்டுவதையும் ஒரே வீடியோவாக எடுங்கள். விற்றவரோடு பேசிய மெசேஜை அழிக்காதீர்கள்.

வாங்கியதைப் பெட்டியோடு அலுமாரியில் வைப்பது நம்மவர்களின் பழக்கம். முதல் கிழமையிலேயே நன்றாக வேலை வாங்குங்கள். உள்ளே குறை இருந்தால் சீக்கிரம் வெளியே வரட்டும்.

சரி, ஒருநாள் நின்றுவிட்டது. உடனே கடைக்கு ஓட வேண்டாம். வேறு பிளக்கில் போட்டுப் பாருங்கள். வயரை மெஷினுக்குள் நுழைகிற இடத்தில் அசைத்துப் பாருங்கள், பாதிக் கோளாறு அங்கேதான் இருக்கும். பக்கத்தில் வட்ட மூடி இருக்கிற மெஷின் என்றால், ஸ்க்ரூ ட்ரைவரால் அதைத் திறந்து பிரஷ்ஷைப் பாருங்கள். தேய்ந்து குட்டையாகியிருந்தால் அது தேய்மானச் சாமான், வொரன்டியில் பெரும்பாலும் சேராது. பழசைக் கையோடு கொண்டுபோய் அதே அளவில் ஒரு ஜோடி வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் வொரன்டி இருக்கும்வரை மெஷினின் உடம்பைப் பிரிக்காதீர்கள். ஸ்க்ரூ மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கிழிந்தால் "நீங்க கழட்டிட்டீங்க" என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

எந்தக் கடைக்குப் போனாலும் "வோல்டேஜ் பிரச்சினை" என்ற பதில் தயாராக இருக்கும். அதில் உண்மையும் உண்டு. பொழுது சாய்ந்து தோட்டத் தொழிலாளர் லயத்தில் எல்லா வீட்டிலும் அடுப்பும் ரைஸ் குக்கரும் போடும் நேரத்தில் கரண்ட் இறங்கும். அதோடு மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரைத் தோட்டம் முழுக்க இழுத்தால் மோட்டார் சூடாகத்தான் செய்யும். ஆகவே பட்டறையில் மீட்டர் வைத்து, 230 வோல்ட் காட்டுகிறதை மெஷினோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். "ஓவர்லோட்" என்றால், திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆமெச்சரும் (மோட்டாரில் சுழல்கிற கம்பிச்சுற்று) அதைச் சுற்றி அசையாமல் நிற்கிற வெளிச்சுற்றும் சேர்ந்து கருகியிருந்தால் அமுக்கி வேலை செய்ததன் அடையாளம், ஒன்று மட்டும் போயிருந்தால் உள்குறையாக இருக்கலாம் என்பது மோட்டார் சுற்றித் திருத்துகிற வைண்டிங் பாஸ்மார்கள் வைத்திருக்கும் கணக்கு.

சம்பள நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போகாதீர்கள். கூட்டத்தில் முறைப்பாடு சொன்னால் எந்த முதலாளிக்கும் ரோஷம் வரும். வார நாளில், கடை திறந்த கையோடு போய், "முதலாளி, இது ஓடுதில்ல, நீங்களே ஒருக்கா போட்டுப் பாருங்க" என்று மெஷினை அவர் கையில் கொடுங்கள். அவரே சுவிட்சை அமுக்கிப் பார்த்தபின் "ஓடும், ஓடும்" என்று சொல்ல முடியாது. காசைத் திருப்பிக் கேட்டு ஆரம்பித்தால் முகம் மாறிவிடும். முதலில் திருத்தம், அதே கோளாறு திரும்ப வந்தால் மாற்று மெஷின், அதுவும் இல்லையென்றால் காசு என்ற வரிசையில் போங்கள்.

"தம்பி, கொழும்புக்கு அனுப்பணும், ரெண்டு கிழமை ஆகும்" என்பார். ஆகட்டும். ஒப்படைத்த திகதி, கோளாறு, சீரியல் நம்பர் மூன்றையும் எழுதி வாங்குங்கள். பக்கப் பிடி, ஸ்பேனர், டிஸ்க்கை மூடுகிற தகடு எதையும் அனுப்பாதீர்கள், திரும்பி வராது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்க, சாமானை விற்ற நாளிலிருந்து 3 மாதம்தான் அவகாசம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் 13ஆம் பிரிவைப் பாருங்கள். பழுதான நாளிலிருந்து இல்லை, விற்ற நாளிலிருந்து. "அடுத்த கிழமை வாங்க" என்று நாலைந்து தடவை அலைக்கழித்தாலே அது ஓடிவிடும். வொரன்டி கார்டில் ஒரு வருடம் போட்டிருக்கிறதே என்று சும்மா இருக்காதீர்கள். வாங்கிய அன்றே கலண்டரில் இரண்டரை மாதத்தில் ஒரு வட்டம் போடுங்கள். அதற்குள் முடியவில்லை என்றால் கடிதம் போக வேண்டும்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம், அது நம் உரிமை. என்ன வாங்கினோம், எப்போது பழுதானது, கடைக்காரர் என்ன சொன்னார், நமக்கு என்ன வேண்டும், அவ்வளவுதான். திட்டி எழுத வேண்டாம். பில், வொரன்டி கார்ட், ஒப்படைத்த துண்டு எல்லாவற்றுக்கும் போட்டோ கொப்பி வைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள் அல்லது கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) உள்ள அவர்களின் அலுவலகத்தில் கொடுங்கள். விவரம் கேட்க 1977க்கு போன் எடுங்கள். அந்த அழைப்பு கடிதத்துக்கு ஈடாகாது. விசாரித்துவிட்டு, மாற்றித் தரவோ காசைத் திருப்பவோ நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. கடிதத்தின் ஒரு கொப்பியை முதலாளிக்குக் காட்டியதுமே பல கடைகளில் மேசைக்கு அடியிலிருந்து புது மெஷின் வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் சண்டை போட வேண்டியதில்லை. பஸ் காசும் ஒருநாள் கூலியும் ட்ரில்லின் விலையைத் தொட்டால், பக்கத்தில் திருத்துகிற பாஸிடமே கொடுத்துவிடலாம். சுவிட்ச், வயர், பேரிங் எல்லாம் திருத்தக்கூடியவை. பேரிங்கின் ஓரத்தில் 608, 6201 மாதிரி எண் இருக்கும், அதைச் சொன்னால் கடையில் எடுத்துத் தருவார்கள். ஆமெச்சர் போனால் மட்டும் யோசியுங்கள், சுற்றுகிற செலவு புது மெஷினுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

திருத்தி வந்ததும் கையெழுத்துப் போடுவதற்கு முன் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள், சீரியல் நம்பர் உங்களுடையதுதானா என்று பில்லோடு ஒத்துப் பாருங்கள். வேறு யாருடையதோ ஒன்றைத் துடைத்துக் கொடுப்பதும் நடக்கிறது.