இலங்கைக் கடற்கரைக்கா? முதலில் மாதத்தைப் பாருங்கள்

இலங்கையில் கடற்கரை விடுதிக்கு முன்பணம் கட்டும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை என்றால் உனவட்டுன, மிரிஸ்ஸ இருக்கும் தெற்குக் கரை. மே முதல் செப்டம்பர் வரை என்றால் நிலாவெளி, பாசிக்குடா இருக்கும் கிழக்குக் கரை.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தெற்கிலும் மேற்கிலும் கடல் கொந்தளிக்கும். நடுவிலுள்ள மலைகள் மழையை வாங்கிக்கொள்வதால் கிழக்கே வெயிலும் அடங்கிய கடலும் கிடைக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வந்ததும் எல்லாம் தலைகீழ். பாதி விலைக்கு அறை கிடைக்கிறதென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். கடலில் இறங்காதே என்னும் சிவப்புக் கொடியைப் பார்த்தபடி மணலில் உட்கார்ந்திருக்க அந்தப் பாதியும் தண்டம். குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பாசிக்குடாவையே சொல்வேன்: கடலுக்குள் வெகுதூரம் நடந்த பிறகும் தண்ணீர் இடுப்பளவுதான் இருக்கும்.

அக்டோபர், நவம்பரில் இந்தக் கணக்கு பலிக்காது. எந்தக் கரையிலும் மழை பிடிக்கலாம். அலைச்சறுக்குக்காரர்களுக்கு அடங்கிய கடல் பொருந்தாது. அவர்களுக்கு வேண்டியது அலை. அதற்கு மே முதல் செப்டம்பர் வரை அதே கிழக்குக் கரையில் அறுகம் குடா இருக்கிறது.