போர்டிகோவில் எபாக்ஸி உரிவது ஏன்?

போர்டிகோ தரையில் அடித்த எபாக்ஸி ஒரே கோடையில் கார் சக்கரம் நிற்கும் இடத்தில் மட்டும் தோசை போல உரிந்து வந்தால், எல்லோரும் திட்டுவது பெயிண்டரைத்தான். உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். அடியில் சாம்பல் நிற மாவு ஒட்டியிருந்தால் பெயிண்ட் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. பெயர்ந்து வந்தது காங்கிரீட்டின் மேல்தோல். பெரும்பாலும் அந்தத் தவறு தளம் போட்ட நாட்களிலேயே நடந்திருக்கும்.

கலவை கெட்டியாக இருந்தால் இழுத்துப் பரப்பச் சிரமம். "இன்னும் அரைக் குடம் ஊத்து" என்பார் மேஸ்திரி. மில்லர் எனும் கலவை மெஷினை ஓட்டுபவரும் ஊற்றிவிடுவார். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீரே போதும். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். கூடுதல் தண்ணீர் மேலே ஊறி வரும்போது சிமென்ட்டின் நுண்துகளையும் தூக்கி வரும். அது காய்ந்தால் வலுவில்லாத ஏடு. நீர் மினுமினுக்கும்போதே கரணை போட்டுத் தேய்ப்பதும், ஈரம் இழுக்கச் சிமென்ட்டை அப்படியே தூவுவதும் அந்த ஏட்டை இன்னும் கெடுக்கும். கலவை இளக வேண்டுமானால் பிளாஸ்டிசைசர் என்ற ரசாயனத்தை அளவாகச் சேர்க்கலாம்.

அன்றைக்குத் தாராளமாக ஊற்றியவர்கள் மறுநாள் முதல் கஞ்சர்களாகிவிடுவதுதான் வேடிக்கை. காலையும் மாலையும் ஹோஸ் பிடிப்பது கியூரிங் ஆகாது; தளம் இறுகும்வரை ஈரம் காயாமல் வைத்திருப்பதுதான் கியூரிங். சித்திரை வெயிலில் பத்து மணிக்கே தளம் வெளுத்துவிடும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், அல்லது ஈரச் சாக்கு விரியுங்கள். பிபிசி (PPC, பெரும்பாலும் நிலக்கரிச் சாம்பல் கலந்தது) சிமென்ட்டுக்கு 10 நாளாவது வேண்டும், கடும் வெயிலில் 14.

அப்புறம் கோட்டிங். 28 நாளாவது பொறுங்கள். அதன் பிறகும், இரண்டடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரியுங்கள். தாளின் அடியில் முத்து முத்தாக வியர்த்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ இன்னும் ஈரம் இருக்கிறது. தரைத்தளம் என்றால் மண்ணின் ஈரமும் மேலே ஏறும். அதைத் தடுக்கும் பாலிதீன் விரிப்பைக் காங்கிரீட் கொட்டுவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

வெயில் நேராக விழும் இடத்தில் எபாக்ஸி மட்டும் அடித்தால் மஞ்சளாகி, சுண்ணாம்பு போல உதிரும். மேலே வெயில் தாங்கும் பாலியூரித்தேன் பூச்சு கேளுங்கள். மழைச் சாரல் விழும் என்றால் வழுக்காமல் இருக்கக் குவார்ட்ஸ் மணலும் தூவச் சொல்லுங்கள்.

கொட்டேஷனில் கிரைண்டிங், அதாவது மெஷினால் தளத்தைத் தேய்ப்பது, தனி வரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஏட்டைச் சுரண்டி எடுப்பது அந்த மெஷின்தான். வரி இல்லையென்றால், வருபவர் கையில் துடைப்பமும் ரோலரும்தான் இருக்கும்.